தோட்டத்து வீட்டுக்கு இணையப் பாதை



தோட்டங்களில் வாழும் நம் சொந்தபந்தங்களோடு இன்று சற்று மனம்விட்டுப் பேசலாம் என்றிருக்கிறோம். நாங்கள் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தை அடுத்த மாக் மண்டினில் குடியிருப்பவர்கள். எங்கள் பெற்றோர் பால்மரக் காட்டில் பிழைத்தவர்கள். 1960களில் மாக் மண்டினில் தொழிற்பேட்டை எழுந்தது. அதன்பின் தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. ஆனால் எங்கள் அக்காள் குடும்பம் இன்னமும் செம்பனைத் தோட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே தோட்டத்துக் குறைநிறைகள் எங்களுக்கு அயல்வீட்டுச் செய்தி அல்ல.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வந்துவிட்டால், அக்காளின் பிள்ளைகள் இருவரும் மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மீன் கறிக்காகத்தான் வருகிறார்கள் என்று முதலில் நினைத்தோம். பிறகுதான் விஷயம் புரிந்தது. எங்கள் வீட்டில் கண்ணாடியிழை இணைய இணைப்பு இருக்கிறது. கை கழுவிய ஈரம் காய்வதற்குள் இருவரும் வாசலில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். வாரத்துக்கு வேண்டிய அரிசி பருப்பைக் கடையில் கட்டிக்கொண்டு போவதுபோல, தம்பிக்காரன் அந்த வாரத்துக்கு வேண்டிய பாட்டையும் படத்தையும் இறக்கி எடுத்துக்கொண்டு போவான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாய்வு நாற்காலியில் படுத்திருந்த எங்கள் பெரியப்பா கண்ணைத் திறந்தார்.

"என்னடா அது, தகரத்தைப் போட்டு அடிக்கிற சத்தம்?"

"ராக் இசை, தாத்தா. கித்தார் வாசிக்கிறார்கள்."

"கித்தாவா? எங்களுக்குத் தெரியாத கித்தாவா? விடியுமுன் எழுந்து வெட்டியிருக்கிறோம். எங்கள் கித்தாவில் பால் வந்தது. உன் கித்தாரில் என்ன வருகிறது?"

"தாத்தா, ராக்கைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது."

"ஏன் தெரியாது? அல்லிகேட்ஸ் யார்? நம் பினாங்குப் பிள்ளைகள். லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற சகோதரர்கள். அவர்களைப் பார்த்து நாங்களும் தலைமுடியைப் பந்துபோல வளர்த்தோம். குருவி கூடு கட்டுமுன் வெட்டிக்கொண்டு வா என்று மண்டோர் பிரட்டுக் களத்திலேயே சொல்லிவிட்டார்."

"அது ராக் இல்லை தாத்தா, பாப் இசை. ராக் என்றால் சேர்ச் குழு. அப்பாவிடம் பழைய ஒலிநாடா இருக்கிறது. 'இசபெல்லா' பாட்டு 1989இல் வந்தது. அடுத்த ஆண்டே அந்தப் பெயரில் சினிமாவும் வந்ததாம்."

"ராக்கோ பாப்போ, நம் வீட்டுப் பிள்ளைகள் மலாய் மொழியில் பாடி நாட்டையே கேட்க வைத்தார்கள். அதைச் சொல். சரி, அதென்ன படம் இறக்குகிறாய்?"

"'செம்மண் சாலை', தாத்தா. நம் நாட்டில் எடுத்த தமிழ்ப் படம். தீபக் குமாரன் மேனன் இயக்கியது. 2005இல் வந்தது. ரப்பர் தோட்டத்துப் பெண் ஒருத்தி பல்கலைக்கழகத்துக்குப் போக ஆசைப்படுகிற கதை. தோட்டத்தில் பார்க்கலாம் என்றால் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தோட்டத்துக் கதையைப் பார்க்க மாக் மண்டினுக்கு வரவேண்டியிருக்கிறது!"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அக்காளின் மகள் சிரிக்கவில்லை. அவள் ஓர் ஓரமாக உட்கார்ந்து பல்கலைக்கழக நுழைவு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அந்த விண்ணப்பம் இணையத்தின் வழியாகத்தான் போகவேண்டும். முன்தினம் இரவு தோட்டத்தில் மூன்று முறை முயன்றிருக்கிறாள். மூன்று முறையும் கடைசிப் பக்கத்தில் இணைப்பு அறுந்துவிட்டது. மறுநாள் கடைசி நாள். படத்தில் வரும் பெண்ணின் ஆசைதான் அவளுக்கும். அவள் அதைப் பார்க்க வரவில்லை. அதை வாழ வந்திருந்தாள்.

அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. தோட்டத்தில் இணையம் இல்லை என்றால், தம்பிக்குப் பாட்டு ஒரு வாரம் தாமதமாகும். அக்காளுக்கோ படிப்பே தவறிப் போகும். இந்த வேற்றுமையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில், அகண்ட அலைவரிசை என்றால் என்ன? ஊரில் எல்லோரும் 'பிராட்பேண்ட்' என்று சொல்வதுதான் அது. தோட்டத்துப் பொதுக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய குழாயாக இருந்தால் ஒரு வாளி நிறைய அரைமணி நேரம் ஆகும். அதிலும் பத்து வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் திறந்தால் கடைசி வீட்டுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அகண்ட குழாயாக இருந்தால் எல்லோருக்கும் தாராளமாக வரும். இணையமும் அப்படித்தான். தண்ணீரை லிட்டரில் அளப்பதுபோல இணையத்தின் வேகத்தை ஒரு விநாடிக்கு இத்தனை 'மெகாபிட்' என்று அளக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு திரைப்படம் ஒரு 'கிகாபைட்' அளவு என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 8,000 மெகாபிட். விநாடிக்கு 35 மெகாபிட் வேகம் இருந்தால் 4 நிமிடத்தில் படம் முழுவதும் இறங்கிவிடும். விநாடிக்கு ஒரே ஒரு மெகாபிட் என்றால் 2 மணி 13 நிமிடம் ஆகும். அதாவது படத்தைப் பார்க்கிற நேரமெல்லாம் அதற்காகக் காத்திருக்கிற நேரமாகிவிடும்.

இனி, இந்தக் குழாய் தோட்டத்துக்கு ஏன் வருவதில்லை என்று பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து வர வழியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நம் பாட்டன்மார் ரஜூலா கப்பலில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறிப் பினாங்குத் துறையில் வந்து இறங்கினார்கள். இன்று அதே வங்கக் கடலின் அடியில் கண்ணாடியிழை வடம் ஒன்று கிடக்கிறது. ஓமான் நாட்டிலிருந்து புறப்பட்டு, மும்பை, கொழும்பு, சென்னை வழியாகப் பினாங்கில் வந்து கரையேறுகிறது. ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர் நீளம். சென்னையில் பாடிய பாட்டு கண் இமைக்கும் நேரத்தில் பினாங்குக் கரைக்கு வந்துவிடுகிறது. அத்தனை பெரிய கடலைத் தாண்டிய வடம், பெருஞ்சாலையிலிருந்து லயத்து வீடுவரை உள்ள நாலைந்து கிலோமீட்டர் செம்மண் பாதையில்தான் வந்து சேரவில்லை!

இதற்குக் காரணங்கள் நான்கு.

முதற் காரணம் தூரமும் வீட்டுக் கணக்கும். ஊரில் ஒரு தாமானுக்கு ஒரு கிலோமீட்டர் வடம் இழுத்தால் முந்நூறு நானூறு வீட்டுக்குச் சந்தா கிடைக்கும். தோட்டத்தில் நாலு கிலோமீட்டர் இழுத்தால் நாற்பது வீடுதான். நிறுவனம் லாபக் கணக்குப் போடுகிறது, கணக்கு உதைக்கிறது.

இரண்டாவது, நிலத்தின் அமைப்பு. கைப்பேசிக்கு வரும் அலை, கோபுரத்திலிருந்து விளக்கின் ஒளிபோலப் பரவுகிறது. நடுவில் குன்று இருந்தால் அதன் மறுபுறம் நிழல் விழும். அடர்ந்த செம்பனை மட்டைகளும் அலையின் பலத்தைக் குறைக்கும். மழை நாளில் நனைந்த இலைகள் இன்னும் கூடுதலாகவே குறைக்கும். நம் லயங்கள் பெரும்பாலும் பள்ளத்தில், ஆற்றோரத்தில், மரங்களுக்கு நடுவில் அல்லவா இருக்கின்றன?

மூன்றாவது, நிலம் யாருடையது என்ற கேள்வி. கிராமத்தில் அரசு நிலம் இருக்கும். கோபுரம் நட இடம் கிடைக்கும். தோட்டம் முழுவதும் கம்பெனியின் நிலம். நிர்வாகம் இசைந்து இடம் கொடுத்தால்தான் கோபுரம் எழும், வடமும் உள்ளே வரும். யாரும் கேட்காதபோது நிர்வாகமும் தானாக முன்வந்து கொடுப்பதில்லை.

நான்காவதுதான் மிக முக்கியமானது. அது கணக்கெடுக்கும் முறை. 2020 ஆகஸ்ட் மாதத்தில் நம் அரசாங்கம் 'ஜெண்டெலா' என்ற தேசியத் திட்டத்தை அறிவித்தது. மலாயில் 'ஜாலினான் டிஜிட்டல் நெகாரா' என்பதன் சுருக்கம் அது. மக்கள் வசிக்கும் பகுதிகளில் நான்காம் தலைமுறை அலைவரிசை கிடைக்கும் அளவை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காட்டுக்கு உயர்த்துவது, கைப்பேசி இணையத்தின் சராசரி வேகத்தை விநாடிக்கு 25 மெகாபிட்டிலிருந்து 35 மெகாபிட்டாக்குவது என்று 2022 முடிவுவரை இலக்கு வைத்தார்கள். நல்ல திட்டம், பல இடங்களில் பலனும் தந்தது. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு என்று கேட்டவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஊர் நினைத்துக்கொள்கிறது. விடுபட்ட அந்த மூன்றுக்குள் இருக்கும் குடும்பத்துக்கோ அது நூற்றுக்கு நூறு இல்லைதான். அந்த மூன்றில் நம் லயம் இருக்கிறதா, இல்லையா? இதை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

நேயர்களே, இங்கே நம் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். வெளியுலகச் செய்தி நமக்கு வந்த வழிகளை எண்ணிப் பாருங்கள். 1950களிலும் 60களிலும் பினாங்கு நகர வீடுகளில் ரெடிபியூஷன் என்ற கம்பி வானொலி பேசியது. மாதச் சந்தா கட்டினால், சுவரில் மாட்டிய பெட்டியில் பாட்டு வரும். பிறகு டிரான்சிஸ்டர் வானொலி தோட்டத்துக்கு வந்தது. 1963 டிசம்பரில் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. 1972இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 1996இல் மியாசாட் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியதும், லயத்துக் கூரைகளில் வட்டத் தட்டுகள் முளைத்தன. தமிழ்ப் படம் வீட்டுக்குள் வந்தது.

இவை அனைத்தும் நமக்கு நன்மை செய்தவை. ஆனால் எல்லாமே ஒருவழிப் பாதைகள். அங்கிருந்து வரும், இங்கிருந்து போகாது. நாம் எழுபது ஆண்டுகளாக நல்ல நேயர்களாக இருந்து கேட்டுக்கொண்டே இருந்தோம். நம் தமிழில் 'கேட்பது' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டல்லவா? காதால் கேட்பது ஒன்று. வாய் திறந்து கேட்பது மற்றொன்று. வானொலியும் தொலைக்காட்சியும் முதலாவதைத் தந்தன. இணையந்தான் இரண்டாவதையும் தருகிறது. பிள்ளை ஆசிரியரிடம் கேள்வி கேட்கலாம். தொழிலாளி தன் சேமநிதிக் கணக்கைக் கேட்கலாம். தாய் மருத்துவரிடம் விளக்கம் கேட்கலாம்.

இந்த வேறுபாட்டை 2020ஆம் ஆண்டு நமக்குக் கசப்பாகக் கற்றுக் கொடுத்தது. அவ்வாண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைப்பேசிக்குள் போய்விட்டது. கல்வியமைச்சு அப்போது ஏறக்குறைய 9 இலட்சம் மாணவர்களைப் பற்றி ஒரு கணக்கெடுத்தது. அவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் பாடம் படிக்க எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரிந்தது. சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு மாணவி தேர்வு எழுதுவதற்காக மரத்தில் ஏறி இரவைக் கழித்த செய்தியை நாடே பார்த்தது. 2021 பிப்ரவரியில் கல்வியமைச்சின் 'டிடிக்' தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. இணையம் இல்லாத வீட்டுக்கு அது பெரிய உதவி. ஆனால் தொலைக்காட்சி ஆசிரியரிடம், "ஐயா, அந்தக் கணக்கை இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்க முடியுமா? ஊர்ப் பிள்ளை கேட்டான். தோட்டத்துப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு ஆண்டில் விழுந்த அந்த இடைவெளியை நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இன்னும் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, அரசாங்கம் என்ன வைத்திருக்கிறது என்று பார்ப்போம். தொலைத்தொடர்பை மேற்பார்வை செய்ய மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 1998இல் அமைக்கப்பட்டது. லாபம் இல்லாத இடத்துக்கும் சேவை போகவேண்டும் என்பதற்காக அதன் பொறுப்பில் ஒரு நிதி இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானமுள்ள தொலைத்தொடர்பு நிறுவனங்கள், விதிப்படி கணக்கிட்ட தங்கள் நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அந்த நிதிக்குச் செலுத்தவேண்டும். உட்புறங்களில் கோபுரம் எழுவதற்கு இந்த நிதி பயன்படுகிறது. ஆகவே நாம் கேட்பது தர்மம் அல்ல. ஊரில் சந்தா கட்டுகிற ஒவ்வொருவர் பணத்திலும் உட்புறத்துக்கென்று ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பது சட்டம்.

மேலும் நாடெங்கும் 900க்கும் மேற்பட்ட சமூக இணைய மையங்கள் இருக்கின்றன. பல பெயர்கள் மாறி, இப்போது 'நாடி' என்று அழைக்கப்படுகின்றன. மலாயிலும் அந்தச் சொல்லுக்கு நம் தமிழில் உள்ள அதே பொருள்தான். விண்ணப்பம் நிரப்புவது, கணினி பழகுவது, சிறு வியாபாரம் கற்றுக்கொள்வது எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. உங்களுக்கு அருகில் ஒன்று இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2021 முடிவில் நாட்டில் மூன்றாம் தலைமுறை அலைவரிசை நிறுத்தப்பட்டது. இன்னும் பழைய கைப்பேசி வைத்திருப்பவருக்குப் பேச்சு மட்டும் வரும். இணையம் ஒழுங்காக வராது. சில வீடுகளில் குறை கோபுரத்தில் இல்லை, கருவியில் இருக்கிறது. நான்காம் தலைமுறைக் கைப்பேசியை அண்டை வீட்டாரிடம் வாங்கி அதே இடத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கோபுரமும் வடமும் வரவே முடியாத இடங்களுக்குச் செயற்கைக்கோள் வழி உண்டு. நம் மியாசாட் நிறுவனத்தின் புதிய செயற்கைக்கோள் ஒன்று 2022 ஜூனில் விண்ணில் ஏறியது. ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2023 ஜூலையில் உரிமம் கிடைத்தது. தனி வீட்டுக்கு அதன் செலவு பாரமாக இருக்கலாம். ஆனால் ஒரு லயமே சேர்ந்து, அல்லது நிர்வாகம் முன்னின்று, கோயில் மண்டபத்திலோ ஆயாக் கொட்டகையிலோ ஒரே இணைப்பை வைத்தால் பாரம் பகிர்ந்துவிடும்.

பிற இடங்களில் என்ன செய்தார்கள்? நம் நாட்டிலேயே சரவாக் மலைநாட்டில் பாரியோ என்ற ஊர் இருக்கிறது. கெலாபிட் மக்கள் வாழும் ஊர். 1990களின் கடைசியில் சரவாக் மலேசியப் பல்கலைக்கழகம் ஊர் மக்களோடு சேர்ந்து, செயற்கைக்கோள் தட்டு வழியாக அங்கே இணையத்தைக் கொண்டுபோனது. முதலில் ஊராரிடம் உங்களுக்கு எது தேவை என்று கேட்டுவிட்டுத்தான் கருவியை இறக்கினார்கள். அதனால் ஊரார் அதைத் தங்கள் சொத்தாகவே பாவித்தார்கள்.

இங்கிலாந்தில் லங்காஷயர் வட்டாரக் கிராமங்களுக்குப் பெரிய நிறுவனங்கள் வரவில்லை. 2011இல் அங்கே ஊரார் ஒரு சங்கம் அமைத்தார்கள். விவசாயிகள் தங்கள் வயல் வழியாக வடம் போகக் கட்டணமின்றி இடம் கொடுத்தார்கள். மற்றவர்கள் மண்வெட்டியோடு வந்து பள்ளம் தோண்டினார்கள். நில உடைமையாளர் சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது என்பதற்கு அது நல்ல சான்று. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை கொண்டுபோகும் திட்டத்தை அரசே ஏற்று நடத்துகிறது. இலங்கையில் 2005 முதல் 'நெணசல' என்ற பெயரில் கிராம அறிவு மையங்கள் திறந்தார்கள். எங்குமே தானாக வந்ததில்லை. யாரோ கேட்டார்கள், யாரோ கூடினார்கள்.

ஆகவே தோட்டத்துக் குடும்பங்களுக்கு எங்கள் யோசனை இது.

முதலில் கணக்கெடுங்கள். லயத்தில் எத்தனை வீடு, எத்தனை பள்ளிப் பிள்ளைகள், எந்த இடத்தில் அலை கிடைக்கிறது, எந்த இடத்தில் கிடைப்பதில்லை, காலையில் எப்படி, இரவில் எப்படி? ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகூட இதை அழகாகச் செய்துவிடும்.

இரண்டாவது, வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். எந்த இடத்தில் சேவை உண்டு என்று காட்டும் ஜெண்டெலா வரைபடத்தை ஆணையம் பொதுமக்களுக்காக இணையத்தில் வெளியிட்டது. அதில் உங்கள் தோட்டம் சேவை உள்ள இடமாகக் காட்டப்பட்டு, உங்கள் நோட்டுப் புத்தகம் இல்லை என்று சொன்னால், அதுதான் உங்கள் வழக்குக்குச் சாட்சி.

மூன்றாவது, எழுத்து மூலம் கேளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு ஒரு கடிதம், ஆணையத்துக்கு ஒரு கடிதம், தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம். எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சங்கக் கிளையையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுங்கள்.

நான்காவது, நிர்வாகத்திடம் என்ன கேட்பது என்று தெளிவாக இருங்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் குழாய்த் தண்ணீரையும் மின்சாரத்தையும் பற்றிப் பேசுகிறது. அந்தச் சட்டம் எழுதிய காலத்தில் இணையம் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத பொருள். ஆகவே இணையம் கொடு என்று நிர்வாகத்தைச் சட்டத்தால் இழுப்பது கடினம். ஆனால் கோபுரத்துக்கும் வடத்துக்கும் இடம் கொடுங்கள் என்று கேட்கலாம். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, இளைஞர் தங்குவதில்லை என்று நிர்வாகங்கள் வருந்துகின்றன. இணையம் இல்லாத இடத்தில் எந்த இளைஞன் தங்குவான் என்று மரியாதையாகவே கேளுங்கள்.

ஐந்தாவது யோசனை நம் வீட்டுக்குள் செய்யவேண்டியது. ஒரே கைப்பேசி இருக்கும் வீட்டில் அது முதலில் யார் கைக்குப் போகவேண்டும்? மகன் பாட்டுக் கேட்கிறான் என்று மகளின் பாடம் காத்திருக்கக் கூடாது. வேலை முடிந்து வந்த அப்பா படம் பார்க்கலாம், தவறில்லை. ஆனால் பிள்ளையின் பாடம் முடிந்த பிறகு. அறிமுகமில்லாதவர் வங்கிக் கணக்கின் இரகசிய எண்ணைக் கேட்டால், எந்த அதிகாரியின் பெயரைச் சொன்னாலும் கொடுக்கக் கூடாது. பாதை திறந்தால் நல்லவரும் வருவார், திருடனும் வருவான். அதற்காகப் பாதையே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா?

பாட்டும் படமும் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாள் முழுவதும் குலை வெட்டிக் களைத்தவனுக்குப் பாட்டு மருந்து. தோட்டத்துப் பிள்ளையும் நாளைக்கு ஒரு கித்தாரை எடுத்துப் பாடி, அதை உலகத்துக்கு அனுப்பலாம். தோட்டத்துக் கதையைத் தோட்டத்திலிருந்தே படமாக எடுத்து அனுப்பலாம். அதற்கும் போகும் பாதை வேண்டும். வரும் பாதை மட்டும் போதாது.

அன்று மாலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம். விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற செய்தி கைப்பேசியில் வந்தபோது மணி ஆறேகால். பெண் ஒரு பெருமூச்சு விட்டாள். பெரியப்பா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பேரனைப் பார்த்தார்.

"அடுத்த வாரம் வரும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வா. உன் லயத்தில் எந்த வீட்டில் எத்தனை கோடு அலை காட்டுகிறது என்று எழுதிக்கொண்டு வா. கடிதத்தை நாம் எல்லோரும் உட்கார்ந்து எழுதுவோம். முதல் கையெழுத்து உன் அக்காளுடையது."

"பாட்டு, தாத்தா?"

"பாட்டையும் இறக்கிக்கொள். அல்லிகேட்ஸ் பாட்டு இரண்டு எனக்கும் போட்டுக்கொடு."

இருட்டுமுன் வீடு சேரவேண்டும் என்று இருவரும் புறப்பட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டுப் புத்தகம் வந்தது. இருபத்தாறு வீட்டுக் கணக்கு அதில் இருந்தது. பதினெட்டு வீட்டுக்கு நேராக 'இல்லை' என்று எழுதியிருந்தது. கடிதம் எழுதி அனுப்பிவிட்டோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம், வராவிட்டால் மறுபடியும் எழுதுவோம்.

உங்கள் தோட்டத்துக் கணக்கு என்ன? இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, முதல் பக்கத்தில் உங்கள் வீட்டு எண்ணை எழுதுங்கள்.